பறந்தவர்களுக்குத் தெரியாதது

1983 ஆகஸ்ட் 30, அதிகாலை 2.32 மணி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பியது. அதுவரை ஓடங்கள் பகலில்தான் கிளம்பியிருந்தன. இந்த முறை ஊர் உறங்கும் நேரத்தில் கிளம்பியதற்கு அதன் வயிற்றில் இருந்த இந்தியச் சரக்குதான் காரணம். இன்சாட்-1பி செயற்கைக்கோளை விடுவித்துக் கண்காணிக்க அந்த நேரம்தான் தோதாக இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருவே தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்து ராமாயணம் பார்த்ததில் அந்தச் செயற்கைக்கோளுக்கும் பங்கு உண்டு.

ஓடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் டேனியல் பிராண்டன்ஸ்டீன், டேல் கார்ட்னர், கய் புளூஃபோர்ட் மூவரும் ஒரே தேர்வில் நாசாவுக்குள் வந்தவர்கள். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பின அமெரிக்கர் என்பதால் புளூஃபோர்டின் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பத்திரிகைகளில் பெரிதாக வராத சங்கதி ஒன்று உண்டு. ஓடத்தை மேலே தள்ளிவிட்டுக் கடலில் விழுந்த பூஸ்டர் ராக்கெட்டுகளை மீட்டுப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றின் வாய்ப்பகுதியில் தீயைத் தாங்கும் உள்பூச்சு அபாயகரமாகக் கரைந்திருந்தது. மூன்று அங்குலப் பூச்சில் பாதி கரையும் என்பது கணக்கு. சில இடங்களில் மிஞ்சியிருந்தது சுமார் ஐந்து மில்லிமீட்டர்தான். இன்னும் சில விநாடிகள் எரிந்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். பறந்த ஐவருக்கும் இது திரும்பி வந்த பிறகே தெரியும். தரையில் இருந்தவர்களுக்கும் அதற்கு முன்னால் தெரியாதுதான். ஆனால் எல்லா முறையும் அப்படி நடக்கவில்லை.

அந்த மூவரும் 1978 ஜனவரி 16-இல் நாசா அறிவித்த 35 பேரில் அடக்கம். 8,079 பேர் விண்ணப்பித்தார்கள். விமானிகள் 15 பேர், அறிவியல், மருத்துவம், பொறியியல் படித்த பணி வல்லுநர்கள் 20 பேர் தேறினார்கள். ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர், ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒருவர். அதுவரை அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பியவர்கள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். இவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் 'முப்பத்தைந்து புதுப் பையன்கள்'. அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளுக்குப் பட்டாளத்தில் வேறொரு பொருள் உண்டு, அதை இங்கே அச்சிட முடியாது. ஆறு பெண்களும் சேர்ந்துதான் 'பையன்கள்'.

இந்த வகுப்பைப் பற்றி எழுதும் யாரும் 'முதல்' பட்டியலில்தான் ஆரம்பிப்பார்கள். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட், விண்ணில் நடந்த முதல் அமெரிக்கப் பெண் கேத்ரின் சல்லிவன், விண்ணுக்குப் போன முதல் தாய் அன்னா ஃபிஷர் என்று அது நீளும். பட்டியலில் பிழையில்லை. ஆனால் இவர்களுடைய பறப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'திரும்பி வந்த பூஸ்டரில் கண்டது என்ன' என்று இன்னொரு பத்தி போட்டுப் பார்த்தால் வேறொரு கதை வருகிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பூஸ்டர் ராக்கெட்டை யூட்டா மாநிலத்தில் துண்டு துண்டாகச் செய்து ரயிலில் ஏற்றி, ஃபுளோரிடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு ரப்பர் வளையங்கள். நம் மெக்கானிக்குகள் 'ஓ-ரிங்' என்பார்களே, அதேதான். மூன்றரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள குழாயைச் சுற்றிவரும் அந்த வளையத்தின் தடிமன் ஏழு மில்லிமீட்டர். பற்றவைத்ததும் உள்ளழுத்தத்தில் குழாய் உப்பும், இணைப்பில் இடைவெளி விழும். அந்தக் கணமே ரப்பர் எம்பி இடைவெளியை அடைக்க வேண்டும். குக்கர் கேஸ்கட் தளர்ந்துபோனால் ஃப்ரீசரில் வைத்தெடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குளிரில் ரப்பர் இறுகும் என்பது அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இறுகிய ரப்பர் எம்பாது. எம்பாவிட்டால் நெருப்பு வெளியே வரும்.

1984 பிப்ரவரியில் ரொனால்ட் மெக்நேர் முதல்முறை பறந்தார். தெற்கு கரோலினாவின் சிற்றூரில், கறுப்பினச் சிறுவனுக்குப் புத்தகம் தர மறுத்த நூலகத்தில் அசையாமல் உட்கார்ந்து போராடியவர், பின்னாளில் எம்.ஐ.டி.யில் லேசர் இயற்பியல் படித்தவர். அவரைச் சுமந்து சென்ற பூஸ்டரின் வளையம் ஒன்று அரிக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் டிக் ஸ்கோபியின் முதல் பறப்பு. அதிலும் அரிப்பு. ஆகஸ்டில் ஜூடித் ரெஸ்னிக்கின் முதல் பறப்பு. அதிலும் பாதிப்பு. 1985 ஜனவரியில், அதுவரை இல்லாத குளிரில், எலிசன் ஒனிசுகாவின் முதல் பறப்பு. இணைப்பின் வெப்பம் சுமார் 12 டிகிரி செல்சியஸ். முதல் வளையத்தைத் தாண்டிப் போன கரும்புகை அந்த முறைதான் மிக மோசம்.

மெக்நேர், ஸ்கோபி, ரெஸ்னிக், ஒனிசுகா. 1986 ஜனவரி 28 காலை, காற்றின் வெப்பம் இரண்டு டிகிரியாக இருந்தபோது கிளம்பி, 73 விநாடிகளில் சிதறிய சேலஞ்சரில் இருந்த ஏழு பேரில் இந்த வகுப்பைச் சேர்ந்த நால்வர் இவர்கள்தான். நால்வருமே தங்கள் முதல் பயணத்தில், எது பின்னால் தங்களைக் கொல்லப்போகிறதோ அதே கோளாறின் மேல் உட்கார்ந்து போய்விட்டு, பத்திரமாக வீட்டுக்கு வந்தவர்கள். தற்செயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஓராண்டில் நடந்த பறப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் காயம் இருந்திருக்கிறது. அப்படியிருக்க, யாரை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வரும்.

தரையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். 1985 ஜூலையில் பூஸ்டர் நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி, இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர் போகும் என்று தன் மேலதிகாரிக்கு எழுதியே கொடுத்தார். நாசாவின் ஆவணங்களில் இந்த இணைப்புக்காகப் பறப்புத் தடை போடப்பட்டு, அடுத்தடுத்த பறப்புகளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டிருந்தது. விபத்துக்கு முந்தைய இரவு தொலைபேசிக் கூட்டத்தில், 12 டிகிரிக்குக் கீழே பறக்க வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. பிறகு விசாரணைக் குழு முன்னால் வந்த மூத்த விண்வெளி வீரர்கள், இணைப்பின் நிலைமை இவ்வளவு மோசம் என்று தங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றார்கள்.

வேறு விஷயங்களில் அக்கறைக்குக் குறைவில்லை. சாலி ரைடின் முதல் பயணத்துக்கு முன்னால், ஒரு வாரத்துக்கு நூறு டாம்பன் போதுமா என்று அவரிடமே கேட்டார்கள் பொறியாளர்கள்.

வீரர்களாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்க முடியாதபடி ஓர் ஏற்பாடு இருந்தது. யார் எப்போது பறப்பது என்பதை ஜார்ஜ் ஆபி என்ற அதிகாரி முடிவு செய்தார். எந்த அடிப்படையில் என்று யாருக்கும் தெரியாது. 35 பேர் ஒரே வரிசையில் நிற்கும்போது, முணுமுணுத்து ஒருவர் தன் இருக்கையை இழக்கத் துணிவாரா? அதே வகுப்பைச் சேர்ந்த மைக் மல்லேன் தன் நினைவுக்குறிப்பு நூலில் இந்தப் பயத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதற்குமேல் நாசாவின் அவசரம். நான்கே சோதனைப் பறப்புகள் முடிந்ததும், 1982-இல் ஓடம் முழுச் செயல்பாட்டுக்கு வந்துவிட்டதாக அறிவித்தாயிற்று. 1985-இல் ஒன்பது முறை பறந்தது. செனட்டர் ஒருவர் ஏறினார், சவூதி இளவரசர் ஒருவர் ஏறினார். டவுன் பஸ் மாதிரி பேசத் தொடங்கிவிட்ட வண்டியைப் பற்றி, ரப்பரில் கரி பிடித்திருக்கிறது என்று சொல்வது யாருக்கும் வசதியாக இல்லை. இன்சாட்-1சி கூட ஓடத்தில் போவதாகத்தான் இருந்தது. உடன் ஓர் இந்தியப் பொறியாளரும் போவதாக ஏற்பாடு. விபத்துக்குப் பின் அது கைவிடப்பட்டு, செயற்கைக்கோள் மட்டும் 1988-இல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் போனது.

உள்ளதை உள்ளபடி சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1985 ஏப்ரலில் விடுவித்த ஒரு செயற்கைக்கோள் உயிர் பெறவில்லை. பக்கவாட்டில் இருந்த ஒரு நெம்புகோல் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று தரையில் சந்தேகப்பட்டார்கள். ஓடத்தில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து, ஈ அடிக்கும் மட்டை போல ஒரு கருவியை வடிவமைத்து, செய்முறையை மேலே அனுப்பினார்கள். ஆறு பெண்களில் ஒருவரான ரியா செடான் அறுவை மருத்துவர். கையேட்டின் பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி, காயத்துக்குத் தையல் போடும் கையால் அதைத் தைத்து முடித்தார். வகுப்புத் தோழர்கள் ஜெஃப் ஹாஃப்மனும் டேவிட் கிரிக்ஸும் வெளியே இறங்கி, எந்திரக் கையின் நுனியில் அதைக் கட்டினார்கள். திட்டத்தில் இல்லாத விண்நடை நாசாவுக்கு அதுதான் முதல் தடவை. நெம்புகோல் மட்டையில் பட்டது, இழுபட்டது, செயற்கைக்கோள் அப்போதும் விழிக்கவில்லை. ஆகஸ்டில் இன்னொரு குழு போய் அதைப் பழுதுபார்த்தது. முதல் முயற்சி தோற்றாலும், கோளாறு இன்னது என்று இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருந்தது.

பாடம் படித்துவிட்டதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். 1988 செப்டம்பரில் ஓடம் மறுபடி பறந்தபோது தளபதி இதே வகுப்பின் ரிக் ஹாக். அடுத்த பறப்பு டிசம்பரில், ராணுவ ரகசியப் பயணம். தளபதி ராபர்ட் 'ஹூட்' கிப்சன், ரியா செடானின் கணவர். கிளம்பும்போது பூஸ்டரின் மூக்கிலிருந்து பெயர்ந்த காப்புப் பொருள் ஓடத்தின் அடிவயிற்றில் மோதியது. எந்திரக் கையின் கேமரா வழியே பார்த்த கிப்சனும் மல்லேனும் உறைந்துபோனார்கள். வெப்பக் காப்பு ஓடுகள் எங்கும் வெள்ளையாகச் சிதைந்து கிடந்தன. ரகசியப் பயணம் ஆனதால் படத்தைச் சங்கேதமாக்கித்தான் அனுப்ப முடிந்தது. தரையில் கிடைத்தது மங்கலான படம். வெளிச்சத்தின் வேலையாக இருக்கும், கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. கண்ணால் பார்த்தவனின் பேச்சு எடுபடவில்லை. இறங்கும்போது ஓடம் உருகத் தொடங்கினால், மிச்சமிருக்கும் அறுபது விநாடியில் தரைக்கட்டுப்பாட்டின் ஆராய்ச்சியைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுச் சாவதாகத் தீர்மானித்திருந்ததாகக் கிப்சன் பின்னால் சொன்னார். எழுநூறுக்கு மேற்பட்ட ஓடுகள் சேதம். ஒரு ஓடு முழுதாகவே இல்லை. அந்த இடத்தில் மட்டும் உள்ளே ஆன்டெனாவைத் தாங்கும் கனமான உலோகத் தகடு இருந்ததால் பிழைத்தார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து 2003 ஜனவரியில், கொலம்பியா ஓடத்தின் இறக்கையில் நுரைக்காப்பு மோதியது. விண்ணில் இருக்கும் ஓடத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், நிர்வாகம் வேண்டாம் என்றது. வீரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது: நுரை பட்டது, கவலைப்பட ஏதுமில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி கல்பனா சாவ்லாவும் அவருடன் ஆறு பேரும் திரும்பவில்லை. 1988-இல் வாசலுக்கு வந்து தட்டிவிட்டுப் போன அதே கோளாறு. இரு விபத்துகளின் விசாரணைக் குழுக்களிலும் இருந்த ஒரே ஆள் சாலி ரைட்.

இவர்கள் சாதித்ததை நான் குறைக்கவில்லை. முப்பத்தைந்து பேரும் விண்வெளிக்குப் போனார்கள். ஹப்பிள் தொலைநோக்கியை விண்ணில் விட்டதிலும், 1993-இல் அதன் மங்கல் பார்வையைச் சரிசெய்ததிலும் இவர்கள் கை உண்டு. ஷானன் லூசிட் ரஷ்யாவின் மிர் நிலையத்துக்குப் போய் வர 188 நாள் ஆனது. கடைசியாகப் பறந்தவர் ஸ்டீவன் ஹாலி. 1999 ஜூலையில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியைக் கொண்டுபோன குழுவில் இருந்தார். கேத்ரின் சல்லிவன் 2020-இல், 68 வயதில், கடலின் மிக ஆழமான இடத்துக்கே போய் வந்தார்.

ஆனால் என் மனதில் நிற்பது ஒரு நடைக்கூடக் காட்சிதான். 1986 பிப்ரவரி, சேலஞ்சர் சிதறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விசாரணைக் குழு உறுப்பினர்களான சாலி ரைடும் விமானப் படை ஜெனரல் டொனால்ட் குட்டினாவும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். முகத்தைத் திருப்பாமல், தன் குறிப்பேட்டைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ரைட் போய்விடுகிறார். தாளில் இரண்டே பத்திகள். ஒன்றில் வெப்பநிலை, மற்றதில் அந்த வெப்பத்தில் ரப்பர் எவ்வளவு மீள்கிறது என்ற அளவு. கொடுத்தது யார் என்று காட்டிக்கொடுக்காமல் இதை வெளியே கொண்டுவருவது எப்படி என்று யோசித்த குட்டினா, இன்னொரு உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனை விருந்துக்கு அழைத்தார். கராஜில் தன் பழைய காரின் கார்புரேட்டரைக் காட்டி, குளிரில் இதன் ரப்பர் வளையம் கசிகிறதே என்று பேச்சை எடுத்தார். பிப்ரவரி 11-இல் ஃபைன்மன் கேமராக்கள் முன்னால் ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டியதை உலகமே பார்த்தது.

தாள் வந்த வழி, 2012-இல் ரைட் இறந்த பிறகே குட்டினா சொல்லி வெளியே வந்தது. நாசாவுக்குள் அதை அவரிடம் கொடுத்தவர் யார் என்று ரைட் கடைசி வரை வெளியே சொல்லவில்லை.