மெதுவாக ஓட்டுவதுதான் கடினம்

ஷோரூமில் குரூஸர் பைக்கில் முதன்முறை ஏறி உட்காருகிறவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகின்றன. முதுகு நிமிர்ந்திருக்கிறது, ஹேண்டில்பார் தானாகக் கைக்கு வருகிறது. இவ்வளவு பெரிய வண்டி இத்தனை எளிதா என்று நினைத்தபடியே அட்வான்ஸ் கட்டுகிறார். அந்த நினைப்பு பாதிதான் சரி. வண்டி நிற்கும்போது எளிது. நேரான சாலையில் அறுபது, எழுபதில் போகும்போது அதைவிட எளிது. நடக்கிற வேகத்தில் ஒரு யூ-டர்ன் எடுக்கும்போதும், சரிவான பார்க்கிங்கில் திருப்பி நிறுத்தும்போதும், மண் கிடக்கும் தெருமுனையில் வளைக்கும்போதும்தான் குரூஸர் தன் எடையைக் காட்டும். புதிதாக வாங்கியவர்கள் வண்டியைச் சாய்த்துப் போடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

இதற்குக் காரணம் ஓட்டுபவரின் தைரியக் குறைவு அல்ல, வண்டியின் அமைப்பு. நம் வீடுகளில் பலரும் ஓட்டிப் பழகிய ஸ்ப்ளெண்டரின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-இன் இருக்கை 765 மில்லிமீட்டர், எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650-க்கு வந்தால் இருக்கை இன்னும் இறங்கி 740 மில்லிமீட்டர். எடையோ 241 கிலோ. இருக்கை இறங்க இறங்க எடை ஏறுகிறது. உட்கார்ந்து பார்க்கும்போது உடம்புக்குத் தெரிவது முதல் எண் மட்டும்தான். இரண்டாவது எண், வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கிய பிறகே தெரியும்.

நீளமும் சேர்ந்துகொள்கிறது. முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் ஸ்ப்ளெண்டரில் 1,236 மில்லிமீட்டர், மீட்டியாரில் 1,400, சூப்பர் மீட்டியாரில் 1,500. முன் ஃபோர்க்கும் சாதாரண பைக்கைவிடக் கூடுதலாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்த வண்டிக்கு நேராகப் போவதுதான் இயல்பு. அமெரிக்காவின் முடிவில்லாத நேர்ச்சாலைகளில் ஒரு நாள் முழுவதும் அலுப்பில்லாமல் போக உருவான வடிவம் அது. அதே வடிவத்தில்தான் நாம் புரசைவாக்கத்தின் சந்துகளுக்குள்ளும் திரும்பப் பார்க்கிறோம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வடிவத்துக்கும் உறவு உண்டு. 1950-களிலிருந்து திருவொற்றியூரில் புல்லட் செய்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2002-இல் தண்டர்பேர்டு என்ற பெயரில் குரூஸர் சாயலில் ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. 2005-இல் பஜாஜ் அவெஞ்சர் வந்து, நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் விலையில் காலை நீட்டி உட்காரும் சுகத்தைத் தந்தது. 2020 நவம்பரில் மீட்டியார் அறிமுகமானது. அலுவலகத்துக்குப் போய்வர குரூஸர் வாங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. உயரம் குறைந்தவர்களும், பெரிய பைக் தங்களுக்கு ஆகாது என்று ஒதுங்கியிருந்த பெண்களும் இதில் ஏறுகிறார்கள். உண்மையிலேயே மகிழ வேண்டிய மாற்றம் இது. அதனால்தான் பழகும் முறையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உரிமம். ஐரோப்பாவில் பல நாடுகளில் எஞ்சினின் திறனைப் பொறுத்துப் படிப்படியாகத்தான் உரிமம் தருவார்கள். சிறிய வண்டியில் பழகிய பின்பே பெரிய வண்டி. நம் நாட்டில் அந்தப் படிகள் இல்லை. எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் கழித்து, ஆர்டிஓ மைதானத்தில் நூறு சிசி வண்டியில் எட்டு போட்டுக் காட்டினால், கியர் உள்ள எந்த மோட்டார் சைக்கிளையும் ஓட்டலாம். நேற்று வரை நூறு சிசி ஓட்டியவர் இன்று 241 கிலோ வண்டியைச் சட்டப்படி சாலையில் இறக்கலாம். இடையில் இருக்க வேண்டிய பயிற்சியை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால், அதை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எப்படி? காலி மைதானம் ஒன்றில், எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதில் தொடங்குவது நல்லது. வண்டியின் இடப்பக்கம் நின்று, இடுப்பை இருக்கையோடு ஒட்டி வைத்துத் தள்ளினால், எந்தச் சாய்வு வரை கை தாங்கும், எதற்கு மேல் தாங்காது என்பது உடம்புக்கே புரிந்துவிடும். அடுத்தது கிளட்ச். லிவரை விடும்போது வண்டி இழுக்கத் தொடங்கும் இடத்துக்கும் முழுதாகப் பிடிக்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. மெதுவாக ஓட்டும் கலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்து, கிளட்சை அந்த இடைவெளிக்குள்ளேயே வைத்து, பின்பிரேக்கை மெல்ல மிதித்தபடி நகர்ந்தால் வண்டி ஆடாமல் ஊர்ந்து போகும். எஞ்சின் இழுக்க, பிரேக் தடுக்க, அந்த இழுபறியில் வண்டிக்கு ஒரு நிலைப்பு வருகிறது.

இந்த வேகத்தில் திரும்பும்போது தொடவே கூடாதது முன்பிரேக். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால், வண்டியின் எடை முழுவதும் திரும்பியிருக்கும் பக்கமாகக் கவிழும். சிறிய வண்டியில் காலை ஊன்றித் தப்பிவிடலாம். இருநூறு கிலோவை ஒற்றைக் காலால் நிறுத்த முடியாது. தெருமுனையில், கேட்டுக்குள் நுழையும்போது, பெட்ரோல் பங்க்கில் குரூஸர்கள் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஹேண்டில் திரும்பியிருந்தால் பின்பிரேக், நேராக இருந்தால் இரண்டும் என்று கைக்கும் காலுக்கும் பழக்கிவிட வேண்டும். கண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி அங்கேயே விழும். போய்ச்சேர வேண்டிய இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்தால் கை தானாக அளவாகத் திருப்பும். ஆர்டிஓ மைதானத்தில் போட்ட அதே எட்டை, இந்தப் பெரிய வண்டியில், கால் ஊன்றாமல் போட வரும்வரை நெடுஞ்சாலைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

விழுந்துவிட்டாலும் அவமானம் ஒன்றுமில்லை. எஞ்சினை அணைத்து, வண்டி உருளாமல் கியரில் போட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். பிறகு இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் ஹேண்டிலையும் மறுகையால் பின்பக்கச் சட்டத்தையும் பிடித்து, முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழும்பும். குனிந்து தூக்குகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வேகம் கூடியதும் விதி மாறுகிறது. ஏறக்குறைய முப்பதுக்கு மேல், வலப்பக்கம் வளைய வேண்டுமானால் வலக்கைப் பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்த வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போகும். அதனால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து வளையும். கேட்பதற்குத் தலைகீழாக இருந்தாலும், சிறிய பைக்கில் நாம் எல்லோரும் அறியாமலே செய்வது இதுதான். எடையும் நீளமும் கூடிய குரூஸரில் இதைத் தெரிந்தே செய்ய வேண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், உடம்பை மட்டும் சாய்த்து வண்டி திரும்பும் என்று காத்திருப்பவர் எதிர்ப்பக்கப் பாதைக்குள் போய் நிற்பார். குரூஸரின் ஃபுட்ரெஸ்ட் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சாயும் அளவுக்கும் எல்லை உண்டு. அது தரையில் உரசினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினையே தடுக்க விடுவதுதான் முறை. குறுகலான இடத்தில் ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலைவிதி.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் உண்டு. சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல் அது காக்கும். ஆனால் மண்ணிலும் சரளையிலும் வண்டி நிற்கும் தூரத்தை அது குறைத்துவிடாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள், ஏபிஎஸ் இருக்கிறதா, இருந்தால் முன்சக்கரத்துக்கு மட்டுமா இரண்டுக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி மாற்றங்கள். பைக் வாங்கிய மறுவாரமே சைலன்சரை மாற்றுகிற வழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கனத்த ஒலியின் மீதுள்ள ஆசை புரிகிறது. ஒரு தலைமுறையே புல்லட்டின் துடிப்பைக் கேட்டு வளர்ந்தது. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபின், புகைபோக்கி என்பது வெறும் குழாய் அல்ல. நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் கணினி பெட்ரோலை அளந்து விடுகிறது. சந்தையில் கிடைக்கும் திறந்த குழாயை மாட்டினால் அந்தக் கணக்குக் குழம்பும். சத்தம் கூடும்; கூடியதாகத் தோன்றும் வேகம் பெரும்பாலும் காதின் மயக்கம். நள்ளிரவில் அந்த ஒலி ஒரு தெருவில் எத்தனை கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் எழுப்புகிறது என்பதை ஓட்டுகிறவர் கேட்பதில்லை. அவர் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு உரிமையாளருடையது, மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கைக் காட்டி அவர் நழுவ முடியாது. ஒலி, புகை வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதத்தோடு மூன்று மாதம் உரிமத்தையும் இழக்க நேரிடும். வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்டிஓவிடம் தெரிவித்துப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும்.

அப்படியானால் எதையுமே தொடக் கூடாதா? தொடலாம். தொட வேண்டியவை வேறு. காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது வேகத்தடையில் எழும்பி நிற்க முடியாது. ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. அதனால் முதல் செலவு நல்ல இருக்கைக்கு. நிறுவனமே விற்கும் டூரிங் சீட், முதுகுச்சாய்வு, விண்ட்ஷீல்டு போன்றவை அந்த வண்டிக்கென்றே செய்தவை. ஹேண்டில்பாரின் கோணத்தையும் பிரேக், கிளட்ச் லிவர்களின் சாய்வையும் சர்வீஸ் சென்டரில் உங்கள் கைக்கு ஏற்றபடி திருப்பி வைக்கச் சொல்லலாம். காசு செலவில்லாத இந்த மாற்றம் மணிக்கட்டு வலியைப் பெருமளவு போக்கும். மாறாக, தோளுக்கு மேல் எழும்பும் உயரமான ஹேண்டில்பார் போட்டால் கிளட்ச் கேபிளும் பிரேக் குழாயும் வயர்களும் இழுபடும். முழுதாகத் திருப்பும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகி எஞ்சின் வேகம் தானாக ஏறுவதும் உண்டு. நடுச்சாலையில் யூ-டர்ன் எடுக்கும் நேரத்தில் அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்வைக்காகப் போடும் அகலமான பின்டயரும் இப்படித்தான். ஏற்கெனவே திரும்பத் தயங்கும் வண்டியை இன்னும் தயங்க வைக்கும். டயருக்குச் செலவழிக்க விரும்புகிறவர் அதே அளவில் தரமானதை வாங்கலாம். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓடினால் உடனே, செயினைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். டயர் காற்றை வண்டி சூடாகும் முன்பே பார்க்க வேண்டும்.

பின்னால் உட்காருகிறவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அழகு கெடுகிறதென்று சாரி கார்டையும் பின் கைப்பிடியையும் கழற்றுகிறவர்கள் உண்டு. பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியவை. சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன நடக்கும் என்று அறிந்தவர் யாரும் அந்த விதியைத் தொந்தரவு என்று சொல்லமாட்டார். இருவராகப் போகும்போது பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் கூட்டவும், கையேட்டில் இருவருக்கென்று தனியாகக் குறித்திருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றவும் வேண்டும். இரண்டையும் வீட்டு வாசலிலும் பக்கத்துப் பங்க்கிலுமாகச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.