ஒரு சிவப்பு, மூன்று பிளேற்றுகள்

பத்திரிகைப் பணிமனைகளில் பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில், நம்மவரின் அச்சு வேலைகளைப் பார்க்கும்போது எனக்கு எழும் ஆதங்கம் ஒன்றுண்டு. பாடசாலை மலர், சங்க ஆண்டறிக்கை, அந்தியேட்டிக் கல்வெட்டு என எதை எடுத்தாலும், கறுப்புடன் ஒரு நிறம் போதுமான பக்கங்கள் நான்கு வர்ணங்களில் அச்சாகின்றன. இரு நிறத்துக்கென வடிவமைத்த பக்கமோ அச்சகத்தில் நான்கைந்து பிளேற்றுகளாகப் பிரிகின்றது. செலவு கூடியதும் அச்சக முதலாளியைக் குறை சொல்கின்றோம். குறை பெரும்பாலும் அவரிடமில்லை. கணினியில் நாம் நிறத்தைத் தெரிவுசெய்த விதத்திலேயே உள்ளது.

அடிப்படை எளியது. நான்கு வர்ண அச்சில் சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளின் நுண்புள்ளிகளைக் கண்ணே கலந்து பல நிறங்களாகக் காண்கின்றது. ஸ்பொட் கலர் அப்படியன்று. வேண்டிய நிறத்தை முன்கூட்டியே கலந்து, ஒரே மையாக ஒரே பிளேற்றில் அச்சிடுவது அது. பான்டோன் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய இலக்கமிட்ட நிற முறை, இந்த மைகளுக்கு உலகெங்கும் பொதுவான அடையாளத்தைத் தந்தது.

மென்பொருள் நிறத்தைப் பார்ப்பதில்லை, பெயரையே பார்க்கின்றது. தலைப்புக்கு ‘பான்டோன் 185 சி’, பெட்டிக்கு ‘பான்டோன் 185 யூ’, விளம்பரதாரரின் சின்னத்துடன் வந்த ‘சிவப்பு’ என மூன்று பெயர்கள் இருந்தால், நமது கண்ணுக்கு அது ஒரு சிவப்பு. இன்டிசைனுக்கு மூன்று மைகள், மூன்று பிளேற்றுகள். ‘சி’ என்பது பளபளப்புப் பூச்சுள்ள தாளையும் ‘யூ’ என்பது பூச்சில்லாத தாளையும் குறிக்கும். மை ஒன்றுதான், தாளில் அது தெரியும் விதமே வேறு.

ஒரு தனி மையைக் கையாளத் தெரிந்தவருக்கு இரு பிளேற்றுகளே நிறைந்த செல்வம். அதே சிவப்பை இருபது வீதத்தில் இட்டால் பெட்டிக்கு இளஞ்சிவப்புப் பின்னணி கிடைக்கும். கறுப்புடன் சேர்த்தால் கருஞ்சிவப்பு. மேலதிக பிளேற் எதுவும் தேவையில்லை. கல்லூரிக் கொடியின் செம்மஞ்சள் போன்ற சில பிரகாசமான நிறங்கள் நான்கு வர்ணத்தில் மங்கிவிடும். பொன், வெள்ளி மைகளின் மினுக்கமோ வரவே வராது.

நூறு பிரதிகளுக்கு டிஜிற்றல் அச்சு இருக்கின்றதே என்பர். உண்மை. உள்ளே வண்ணப் புகைப்படங்கள் இருந்தாலும் நான்கு வர்ணமே பொருத்தம்; அப்போது ஸ்பொட் நிறங்களையெல்லாம் ‘இங்க் மனேஜர்’ மூலம் நான்கு வர்ணத்துக்கு மாற்றிவிட வேண்டும். எந்த வழி என்பதை முதற் பக்கத்தைத் திறக்குமுன் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

2022 நவம்பரில் அடோபி தனது மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பான்டோன் நிறப் பட்டியல்களை நீக்கியது. அதனால் ஸ்பொட் கலரே போய்விட்டது என்று எண்ண வேண்டாம். புதிய நிறமொன்றை உருவாக்கி, அதன் வகையை ‘ஸ்பொட்’ எனத் தெரிந்து, இலக்கத்தைப் பெயராக இடுங்கள். திரையில் தெரிவது வெறும் அடையாளம். அச்சகத்தார் மையைக் கலப்பது இலக்கத்தைப் பார்த்தே. நீங்கள் தெரிவுசெய்வதும் அச்சிட்ட நிறப் புத்தகத்தைப் பார்த்தே ஆகட்டும்.

அதே 2022 மார்ச்சில் தாளில்லாமல் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளேடுகள் தமது சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தியதை நாம் கண்டோம். தாளை வெளிநாட்டிலிருந்து எதிர்பார்க்கும் நாட்டில், வீணாகும் ஒவ்வொரு பிளேற்றும் பிழையாக அச்சான ஒவ்வொரு தாளும் எவரோ ஒருவரின் பணம். பெரும்பாலும் அது பழைய மாணவர்கள் சேர்த்த நிதி, அல்லது துக்க வீட்டார் கடன்பட்ட காசு.

எனவே இளம் பக்க வடிவமைப்பாளர்களிடம் கேட்பது ஒன்றே. கோப்பைக் கையளிக்குமுன் ‘செப்பரேஷன்ஸ் பிரிவியூ’வைத் திறந்து மைகளை எண்ணுங்கள். இரு நிற வேலையெனில் பக்கங்களில் இரு மைகள் மட்டுமே பயன்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது மையொன்று பயன்பட்டிருந்தால், அது எங்கிருந்து வந்ததென்று தேடிப் பிடித்த பின்னரே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.