எண் கூறுவதும் கூறாததும்

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நோயுற்றோரைக் காணச் செல்லும்போது, சில இல்லங்களில் இரத்தப் பரிசோதனைத் தாளொன்று நம் கையில் தரப்படுகிறது. அதில் 'சி.ஏ.125' என்றொரு வரி. எதிரே ஓர் எண். "சாமி, அம்மா இன்னும் எத்தனை மாதம் இருப்பார்கள்?" என்று பிள்ளைகள் தாழ்ந்த குரலில் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை அந்தத் தாளில் இல்லை.

சினைப்பையில் புற்றுநோய் வளர்கையில் இரத்தத்தில் மிகும் ஒரு புரதத்தின் அளவே அந்த எண். அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981இல் இதனை இனங்காணும் வழியைக் கண்டனர். 35க்கு உட்பட்டிருப்பது இயல்பு. ஆயினும் மாதவிலக்கு, கருத்தரிப்பு, வயிற்றுக் காசநோய் ஆகியவற்றாலும் அது உயரும். நோயின் தொடக்கத்திலோ ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர்வதேயில்லை. பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொண்டவரிடையேயும் இறப்பு குறையவில்லை என்பது 2021இல் தெளிவாயிற்று. ஆகவே, நலமாயிருப்போர் அச்சத்தால் இதனை நாட வேண்டுவதில்லை.

நோய் உறுதியானவர்க்கோ இது நல்ல துணை. ஆனால் தனியோர் எண்ணன்று, எண்களின் வரிசையே பேசும். கீமோதெரபி தொடங்கிய முதல் 100 நாட்களில் அளவு விரைந்து இறங்கினால், நோய் மருந்துக்கு இணங்குகிறது, வாழ்நாள் நீளும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர் கணிப்பர். நோய் பரவிய அளவையும், அறுவையில் அகற்றப்பட்ட அளவையும் உடன் சேர்த்தே எண்ணுவர். அப்போதும் அது பலரைக் கொண்டு வகுத்த பொதுக் கணக்கே. ஒரு தாயின் நாள்களைக் குறிக்கும் சாதகமன்று.

சிகிச்சை முடிந்தபின் எண் சற்று ஏறினாலும் பதற வேண்டா. 529 பெண்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், எண் ஏறியவுடன் மருந்து தொடங்கியோர், அறிகுறி தோன்றும்வரை பொறுத்திருந்தோரைவிட நெடிது வாழவில்லை.

எனவே, எண் பெரிதென்று கேட்டவுடன் "இனிச் செலவு வீண்" எனச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். தாயிடமிருந்து தாளை மறைக்கவும் வேண்டா. தம் உடலின் நிலையை அறிய அவருக்கே முதல் உரிமை உண்டு.

நூற்பாலைக்கும் வயலுக்கும் செல்லும் நம் தாய்மாருக்கு ஒரு சொல்: வயிற்று உப்புசம், சிறிதுண்டாலே நிறைவு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், வாய்வுத் தொல்லையென்று ஓமநீர் பருகிக் காலம் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் செல்லுங்கள். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் நம் மாநிலத்திலேயே உள்ளது. உடன் செல்லும் பிள்ளைகள் எண்ணைக் கேட்பதோடு நில்லாமல், அடுத்துச் செய்ய வேண்டுவது யாதென்றும் கேட்பார்களாக.