போன் தொலைஞ்சா பேங்க் அக்கவுண்ட்டும் காலியாகுமா? மாற்ற வேண்டிய 7 மொபைல் பழக்கங்கள்

கூட்டம் நெரியும் டவுன் பஸ். ஸ்டாப்பில் இறங்கி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தால் போன் இல்லை. "பதினஞ்சாயிரம் ரூபாய் போன் போச்சே" என்பதுதான் யாருக்கும் முதலில் வரும் பதற்றம். ஆனால் போனின் விலையைவிடப் பெரிய நஷ்டம் அதற்குப் பிறகுதான் காத்திருக்கிறது. வங்கிக் கணக்கு, யுபிஐ, ஆதார், கேஸ் புக்கிங், குழந்தையின் ஸ்கூல் குரூப் என எல்லாமே அந்த ஒரே கருவிக்குள்தான் இருக்கின்றன.

திருடியவர் கையில் போன் சிக்கினாலே பணம் போய்விடுமா? போகாது. ஆனால் நாம் தினமும் யோசிக்காமல் செய்யும் சில பழக்கங்கள் அதற்கு வழி செய்து கொடுத்துவிடுகின்றன. அவை என்ன, எப்படி மாற்றிக்கொள்வது? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 நவம்பர் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கப்படும் புதிய ஸ்மார்ட்போன்களில் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்கூட்டியே இன்ஸ்டால் செய்து தர வேண்டும் என்பதே அது. தொலைந்த போனை முடக்கவும், மோசடி அழைப்புகள் பற்றிப் புகார் செய்யவும் உதவும் செயலி இது. ஆனால், மக்களைக் கண்காணிக்கும் முயற்சி என எதிர்க்கட்சிகள் கடுமையாக விமர்சித்தன. சில நாட்களிலேயே, டிசம்பர் 3ஆம் தேதி, கட்டாயம் இல்லை என்று அரசு பின்வாங்கியது.

செயலி வேண்டுமா, வேண்டாமா என்பது இப்போது அவரவர் விருப்பம். ஆனால் போனைப் பாதுகாக்கும் பொறுப்பு கடைசியில் பயன்படுத்துபவர் தலையில்தான் விழுகிறது என்பதை இந்தச் சர்ச்சை தெளிவாகக் காட்டிவிட்டது. எந்தச் செயலியும் செய்ய முடியாத வேலையை நாலைந்து செட்டிங்ஸ் செய்துவிடும்.

பழக்கம் 1: போனுக்கு லாக், சிம்முக்கு லாக் இல்லை

போனுக்கு பேட்டர்ன், கைரேகை எல்லாம் போட்டு வைத்திருப்போம். ஆனால் திருடியவர் அதை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. சிம் கார்டை வெளியே எடுத்து வேறொரு போனில் போட்டால் போதும். வங்கி அனுப்பும் ஓடிபி நேராக அவருக்கே வரும்.

இதைத் தடுப்பதுதான் 'சிம் லாக்'. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் இது இருக்கும். இதைப் போட்டுவிட்டால், சிம்மை வேறு போனுக்கு மாற்றும்போதும், போனை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதும் பின் நம்பர் கேட்கும். ஒரு எச்சரிக்கை: மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். பிறகு நெட்வொர்க் நிறுவனம் தரும் 'பியுகே' எண் இருந்தால்தான் திறக்கும். அதனால் ஆரம்ப பின் எது என்று கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு மாற்றுவது நல்லது. இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சௌகரியம், அதை யாராலும் கழற்ற முடியாது.

பழக்கம் 2: லாக் ஸ்கிரீனிலேயே ஓடிபி

போன் லாக் ஆகித்தான் இருக்கிறது. ஆனால் மெசேஜ் வந்தால் திரையின் மேலேயே முழுசாகத் தெரிகிறது. அப்படியென்றால் அந்த லாக்கினால் என்ன பயன்? நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் 'லாக் ஸ்கிரீனில் முக்கியத் தகவல்களை மறை' என்ற வகையில் ஒரு ஆப்ஷன் இருக்கும். ஒரு நிமிட வேலை. மெசேஜ் வந்திருக்கிறது என்பது தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

பழக்கம் 3: கேலரியில் ஏடிஎம் கார்டு போட்டோ

ஏழு பழக்கங்களில் ஆபத்தானது இதுதான். "அவசரத்துக்கு வேணும்னு" ஏடிஎம் கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைப்பவர்கள் ஏராளம். ஆதார், பான் கார்டு போட்டோவும் பக்கத்திலேயே இருக்கும். சிலர் பின் நம்பரை வாட்ஸ்அப்பில் தங்களுக்குத் தாங்களே அனுப்பி வைத்திருப்பார்கள்.

யுபிஐ பின் தெரியாமல் பணத்தை எடுக்க முடியாதே என்று நினைக்கலாம். ஆனால் பின் மறந்துபோனால் புதிதாகப் போடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், கார்டு காலாவதியாகும் மாதம், வருடம், அதோடு போனுக்கு வரும் ஓடிபி. இப்படித்தான் வழக்கமாகக் கேட்பார்கள். போன் திறந்த நிலையில் சிக்கி, கேலரியில் கார்டு போட்டோவும் இருந்தால், இவை அனைத்துமே ஒரே இடத்தில் கிடைத்துவிடும். வீட்டைப் பூட்டி, சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவது போலத்தான் இது.

என்ன செய்யலாம்? கார்டு போட்டோக்களை இன்றே டெலிட் செய்யுங்கள். 'ரீசைக்கிள் பின்' உள்ளேயும் போய் அழிக்க வேண்டும், இல்லையென்றால் சில வாரங்கள் அங்கேயே கிடக்கும். ஆதார் போன்ற ஆவணங்கள் போனில் தேவை என்றால், தனி பாஸ்வேர்டு கேட்கும் டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம்.

பழக்கம் 4: எல்லாத்துக்கும் ஒரே பின்

போன் திறக்கவும் பிறந்த வருடம், யுபிஐக்கும் பிறந்த வருடம், ஏடிஎம்முக்கும் அதே. டீக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது பின்னால் நிற்பவர் ஒரு தடவை பார்த்தாலே எல்லாம் முடிந்தது. போன் லாக்கும் யுபிஐ பின்னும் கட்டாயம் வேறு வேறாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'யுபிஐ லைட்' வைத்திருப்பவர்களுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய் வரை பின்னே தேவையில்லை. அதில் அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை இருக்கலாம். தேவைக்கு மட்டும் கொஞ்சமாகப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பழக்கம் 5: வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் திறப்பது

இதுவரை சொன்னது போன் தொலைந்தால் வரும் ஆபத்து. போன் கையில் இருக்கும்போதே பணம் போவது இந்த வழியில்தான். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான், வங்கி ரிவார்டு பாயிண்ட் என்ற பெயர்களில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது பத்திரிகையும் இல்லை, சலானும் இல்லை. அது ஆண்ட்ராய்டு போனில் இன்ஸ்டால் ஆகும் ஒரு செயலி.

இன்ஸ்டால் ஆனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். சில செயலிகள் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியும் கேட்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ உருவாக்கப்பட்ட வசதி அது. அதை ஒரு மோசடிச் செயலிக்குக் கொடுத்தால், திரையில் தெரிவதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும்.

அனுப்பியவர் தெரிந்தவர்தானே என்றும் நம்ப முடியாது. அவருடைய வாட்ஸ்அப்பே வேறு யாரோ கையில் போயிருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு போன் போட்டு, "மாமா, நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. செட்டிங்ஸில் 'தெரியாத செயலிகளை இன்ஸ்டால் செய்' என்ற அனுமதி வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் ஆஃப் ஆகி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' ஆன் செய்து 6 இலக்க பின் போட்டால், ஓடிபி வெளியே போனாலும் அது மட்டும் வைத்து நம் கணக்கைக் கைப்பற்ற முடியாது.

பழக்கம் 6: யாரோ சொன்ன நம்பரை டயல் செய்வது

"கூரியர்ல இருந்து பேசறோம், உங்க பார்சலுக்கு இந்த கோடை டயல் பண்ணுங்க" என்று அழைப்பு வரும். நட்சத்திரக் குறியில் தொடங்கி, நடுவில் ஒரு மொபைல் எண் இருக்கும். டயல் செய்தால், நமக்கு வரும் அழைப்புகள் அனைத்தும் அந்த எண்ணுக்குப் போகத் தொடங்கும். ஓடிபியைக் குரல் அழைப்பாகப் பெறும் வழியும் இருப்பதால், மோசடிக்காரருக்கு அது போதும். இதனால்தான் இப்படி கோடு மூலம் கால் ஃபார்வர்டிங் செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் எச்சரிக்கை தேவை. தவறுதலாக டயல் செய்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் ##002# டயல் செய்யுங்கள். எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

பழக்கம் 7: அப்டேட்டை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளுவது

அப்டேட் என்றால் புது டிசைன், புது ஈமோஜி மட்டும் இல்லை. கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அதன் முக்கிய வேலை. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அப்டேட் வெளியான பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான். இரவு வைஃபையில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும்.

சார்ஜ் போடுவதில் எது உண்மை, எது கதை?

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் போன் வெடித்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. இன்றைய போன்கள் நிறைந்ததும் தாமாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். பேட்டரியின் உண்மையான எதிரி சூடு. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது, வெயிலில் பைக் ஹோல்டரில் விடுவது, சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவது ஆகியவைதான் ஆயுளைக் குறைக்கும். லித்தியம் அயன் பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும், பூஜ்ஜியம் வரை இறக்குவதும் நல்லதல்ல. பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் ஆப்ஷன் உண்டு.

அடிக்கடி எல்லா ஆப்களையும் தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகும் என்பதும் கதைதான். மறுபடி முதலில் இருந்து திறப்பதற்குத்தான் அதிக சார்ஜ் செலவாகும்.

போன் தொலைஞ்சு போச்சு... முதலில் என்ன செய்வது?

வரிசை முக்கியம். முதல் வேலை, வேறொரு போனில் இருந்து நெட்வொர்க் கஸ்டமர் கேருக்கு அழைத்து சிம்மை முடக்குவது. இரண்டாவது, வங்கியை அழைத்து கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங்கை நிறுத்துவது. மூன்றாவது, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு மூலம் போனைத் தொலைவில் இருந்தே லாக் செய்வது. நான்காவது, போலீஸ் புகார் கொடுத்து, டூப்ளிகேட் சிம் வாங்கி, சஞ்சார் சாத்தியின் 'சிஇஐஆர்' தளத்தில் போனையே முடக்குவது. இதற்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் தேவை. *#06# டயல் செய்தால் வரும் அந்த எண்ணை, போன் கையில் இருக்கும்போதே ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய போன் பெட்டியிலும் இது இருக்கும்.

பணம் போனால் பொறுப்பு யாருக்கு?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு அடிப்படை வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு வரம்பு வரை அவர் ஏற்க வேண்டும். ஆனால் பின், ஓடிபி போன்றவற்றை அவரே பகிர்ந்த அலட்சியம் என்றால், புகார் செய்யும் வரை போன மொத்தப் பணமும் அவருடைய நஷ்டமே. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

இந்த விதியைக் கவனித்தால் மேலே சொன்ன பழக்கங்கள் ஏன் முக்கியம் என்பது புரியும். கார்டு போட்டோவும் ஒரே பின்னும் பணம் போக வழி செய்வதோடு நிற்பதில்லை. போன பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, "அலட்சியம் உங்களுடையது" என்று சொல்லவும் இடம் கொடுக்கின்றன.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் தகவல் கிடைத்தால் முடக்க வாய்ப்பு அதிகம். "வெளியே தெரிஞ்சா அசிங்கம்" என்று தயங்கும் நேரம், மோசடிக்காரருக்குக் கிடைக்கும் நேரம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இதையெல்லாம் படித்துச் செய்யக்கூடியவர் ஒருவர்தான் இருப்பார். அம்மா, அப்பாவின் போனை எடுத்து சிம் லாக் போட்டு, நோட்டிஃபிகேஷனை மறைத்து, கேலரியைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். போட்ட பின் நம்பரை அவர்களுக்கு மறக்காமல் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.