தலையில் பலத்த காயம்: ஆய்வுகள் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

வீதி விபத்துச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: 'தலையில் பலத்த காயங்களுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்.' ஓரிரு நாளில் அதே பெயரில் ஜனாஸா அறிவித்தலையும் பார்த்து விடுகிறோம். இலங்கையில் வருடமொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். இவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களின் தொகை கணிசமானது.

இப்படியொரு மரணத்தின் பின்னர் ஊரில் இரண்டு குற்றச்சாட்டுகள் எழுவது வழமை. ஒன்று, 'நல்லதொரு ஊசி கூடப் போடவில்லை, சேலைனை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்' என்பது. மற்றையது, 'ஏதோ படிவத்தில் கையொப்பம் வாங்கினார்கள், பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்துவிட்டார்கள்' என்பது. இந்த இரண்டையும் கடந்த இருபது வருட மருத்துவ ஆய்வுகளின் வெளிச்சத்தில் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

முதலில் அந்த 'நல்ல ஊசி'யை எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டால் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் கூடி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து ஸ்டீரொய்ட். ஆகவே தலைக்காயத்துக்கும் அது நல்லது என்று நம்பி, உலகின் பல நாடுகளில் வைத்தியர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாக அதைக் கொடுத்து வந்தனர். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. சிறிய அளவில் நடந்த ஆய்வுகளால் நன்மையா தீமையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 'க்ராஷ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வை ஒருங்கிணைத்தது. 49 நாடுகளின் 239 வைத்தியசாலைகளில், தலைக்காயமடைந்த 10,008 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு ஸ்டீரொய்ட், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்ப்பதே திட்டம். ஆனால் தரவுகளைக் கண்காணித்த சுயாதீனக் குழுவின் ஆலோசனைப்படி 2004ஆம் ஆண்டு மே மாதம் ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் வெறும் திரவம் பெற்றவர்களில் 17.9 சதவீதமானோர் இறந்திருக்க, ஸ்டீரொய்ட் பெற்றவர்களில் 21.1 சதவீதமானோர் இறந்திருந்தனர். அதாவது அந்த 'நல்ல ஊசி' நூறு பேருக்கு மூன்று பேரை மேலதிகமாகக் கொன்றிருந்தது.

ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு நாம் இரண்டு பூச்சட்டிகளை வைத்துக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை கற்பிக்கிறோம். ஒன்றுக்கு வெளிச்சம், மற்றதற்கு இருட்டு, ஏனையவை எல்லாம் சமம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது சட்டி இல்லாவிட்டால் முதலாவது சட்டியிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருத்துவ ஆய்வின் அடிப்படையும் இதுதான். ஒவ்வொரு வைத்தியரும் தன் நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வரையில் அந்த மூன்று பேர் யாருடைய கண்ணிலும் படவில்லை. பத்தாயிரம் பேரை ஒப்பிட்ட பிறகே தெரிந்தது.

இங்கே இரண்டாவது குற்றச்சாட்டுக்கும் விடை இருக்கிறது. எல்லோரும் மறுத்திருந்தால் இன்றும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஊசி ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட வேண்டும் என்பதல்ல. சுயநினைவற்றவரால் சம்மதம் சொல்ல முடியாது என்பதால்தான் உறவினரிடம் கேட்கிறார்கள். எந்த ஒழுக்கவியல் குழு அனுமதித்தது, என்ன ஆபத்து, இடையில் விலகலாமா, மறுத்தால் சிகிச்சை குறையுமா என்று கேட்பது நமது உரிமை. நேர்மையான ஆய்வில் விலகுவதற்கு இடமுண்டு. மறுத்தவருக்கும் வழமையான சிகிச்சை குறையாது.

2019இல் வெளியான 'க்ராஷ் 3' ஆய்வு இன்னொரு பாடத்தைத் தந்தது. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ட்ரனெக்ஸமிக் அமிலம் என்ற மலிவான மருந்து 29 நாடுகளில் 12,737 பேரிடம் ஆராயப்பட்டது. மூன்று மணித்தியாலத்துக்குள் அதைப் பெற்ற, இலேசான அல்லது நடுத்தரக் காயமுடையவர்களில் தலைக்காயத்தால் ஏற்பட்ட இறப்பு 7.5 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாகக் குறைந்தது. மிகக் கடுமையான காயமுடையவர்களிடம் தெளிவான பயன் தெரியவில்லை. எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு பயன் என்பதே இதன் சாரம்.

அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. 2016இல் வெளியான ஆய்வொன்றில், வேறு சிகிச்சைகளுக்கு அழுத்தம் கட்டுப்படாத 408 பேர் இடம்பெற்றனர். ஆறு மாத முடிவில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 48.9 சதவீதமானோர் இறந்திருந்தனர். சத்திரசிகிச்சை பெற்றவர்களில் அது 26.9 சதவீதம். ஆனால் உணர்வற்ற நிலையில் உயிரோடு மட்டும் இருந்தவர்கள் 2.1இலிருந்து 8.5 சதவீதமாகக் கூடியிருந்தனர். உயிரைக் காப்பதும் பழைய மனிதரை மீட்பதும் ஒன்றல்ல. 'எப்படியாவது காப்பாற்றுங்கள்' என்று சொல்லும்போதே, 'பிழைத்தால் எந்த நிலையில் இருப்பார், யார் பராமரிப்பது' என்றும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். அது ஈமான் குறைவுமல்ல, பாசக் குறைவுமல்ல. பல வருடங்கள் கட்டிலருகே நிற்கப்போவது பெரும்பாலும் ஒரு தாய் அல்லது மனைவி.

அப்படியானால் சேலைன் ஏற்றி 'பார்த்துக்கொண்டிருப்பது' என்ன? இரத்த அழுத்தம் விழாமல், ஒட்சிசன் குறையாமல் காப்பதுதான் அது. கடுமையான தலைக்காயத்தில் இரத்த அழுத்தம் ஒரு தடவை ஆபத்தான அளவுக்கு விழுந்தாலும் மரண அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வெளியே நிற்கும் நமக்கு அது சும்மா இருப்பது போலத் தெரிகிறது.

ஆகவே நம் கையில் இருப்பது வைத்தியசாலைக்கு வெளியேதான். கிடைத்த ஓட்டோவில் மடித்து ஏற்றாமல், கழுத்தை அசைக்காமல், 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். 'நன்றாகப் பேசுகிறான், வீட்டுக்குக் கூட்டிப் போவோம்' என்று ஏமாற வேண்டாம். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும் சிலர் தெளிவாகப் பேசிவிட்டுச் சில மணித்தியாலங்களில் நினைவிழப்பார்கள். வாந்தி, கடும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே வைத்தியசாலை.

அடுத்தது தலைக்கவசம். பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்ததில், அது மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. மேலே சொன்ன எந்த மருந்தும் இதற்கு அருகில் கூட வராது. ஆனாலும் 'பக்கத்துப் பள்ளிவாசலுக்குத்தானே' என்று தொப்பியோடு மட்டும் மூன்று பேர் ஒரே சைக்கிளில் போகும் காட்சியை ரமழான் இரவுகளில் எந்த ஊரிலும் பார்க்கலாம். பொலிஸ் நிற்காத உள்வீதியிலும் தார் அதே கடினம்தான்.

பள்ளி நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதை ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தோடு விட்டுவிடாமல், வாகனத் தரிப்பிடத்தில் நின்றே நடைமுறைப்படுத்தலாம். பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், தரமான தலைக்கவசம் ஒன்றை முதலில் வாங்கட்டும். வைத்தியசாலை வாசலில் நின்று கேட்கும் துஆவுக்கு முன்னரே செய்யக்கூடிய காரியம் இது.