இரட்டைச் சுங்கம் யார் தலையில்?

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் சிறு தொகை என்று ஒன்று இல்லை. பழனி மலைச் சங்கமொன்றின் ஏடுகளை அண்மையில் பார்வையிட்டபோது, சுங்கக் கட்டணம் இருமடங்காக எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். பூண்டும் காரட்டும் ஏற்றிச் சென்ற லாரியின் ஃபாஸ்டேக் வில்லையை ஒரு சாவடியில் கருவி படிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளின் அவசரத்துக்கு அஞ்சி, ஓட்டுநர் இரட்டிப்பாக ரொக்கம் கொடுத்துவிட்டார். அத்தொகை, சரக்கு அனுப்பிய அங்கத்தினர்களின் பட்டுவாடாவில் பிடித்தம் செய்யப்பட்டது. இது முறையன்று என்பதே என் கருத்து.

பிழை யாருடையது என்பதை முதலில் ஆராய வேண்டும். வில்லையில் மின்கலம் இல்லை. சாவடிக் கருவி வீசும் வானொலி அலையிலிருந்தே சக்தி பெற்று, அது தன் எண்ணைத் தெரிவிக்கிறது. வில்லை கிழிந்து, உள்ளிருக்கும் உலோக இழை அறுந்தால் அது பயன்படாது. அதைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டினால் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்படும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் இதனை வலியுறுத்தியது. இவையும் இருப்புக் குறைவும் சங்கத்தின் கவனக்குறைவுகள். இவற்றால் நேரும் நஷ்டத்தை நிர்வாகச் செலவிலேயே எழுத வேண்டும்.

அதுவும் அங்கத்தினர் பணந்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மையே. ஆயினும், நிர்வாகச் செலவாக எழுதினால் மகாசபையில் நிர்வாகக் குழு விடை கூற வேண்டிவரும். பிடித்தத்தில் மறைந்தால் கேட்பாரில்லை.

வில்லை செம்மையாயிருந்து, போதிய இருப்பும் இருந்து, சாவடிக் கருவி பழுதாயின், கட்டணமே கிடையாது. 2018 மே மாதத்து மத்திய அரசு அறிவிக்கை, பூஜ்யக் கட்டண ரசீது கட்டாயம் தரவேண்டும் என்கிறது. நான் கண்ட கணக்கில் அன்றைய இருப்பு போதுமானதாகவே இருந்தது. ரசீது கேட்டிருந்தால் உண்மை விளங்கியிருக்கும். வில்லை செல்லாதபோதும் ரொக்கத்துக்குத்தான் இரட்டிப்பு விதிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, யூ.பி.ஐ. வழியாயின் ஒன்றேகால் மடங்கே.

கொடைரோட்டில் 44-ஆம் எண் நெடுஞ்சாலையை எட்டும் மலைச் சரக்குக்கும், சின்னாளபட்டியிலிருந்து புறப்படும் சேலைக் கட்டுக்கும் இது பொதுவான விஷயம். புறப்படுமுன் வில்லையையும் இருப்பையும் பார்ப்பதும், தகராறு நேர்ந்தால் 1033-ஐ அழைப்பதும், எத்தொகைக்கும் ரசீது பெறுவதும் ஓட்டுநரின் கடமையாகட்டும். ரசீதும் காரணமும் இல்லாத இரட்டைச் சுங்கத்தை அங்கத்தினர் கணக்கில் ஏற்ற இயலாதென நிர்வாகக் குழுக்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். உழைத்தவன் கூலியைக் காப்பதற்கே சங்கம் உண்டாயிற்று.