‘நல்லாத்தான் இருக்கேன்’

தினமும் இரவு எட்டரை மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வேன். நான் கோவையில். அம்மா விழுப்புரம் மாவட்டத்தில், எங்கள் ஊர்க் காலனியில். “எப்படிம்மா இருக்க?” என்பேன். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்ட்டியா?” என்பார். உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றபடிதான் அதைச் சொல்லியிருக்கிறார். தங்கை சொல்லித்தான் பிறகு தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் இடுப்பு எலும்புக்குப் பரவியிருந்தது.

கட்டி இருப்பதை ஓராண்டுக்கு மேல் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நடவுக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். வலிக்காத கட்டிக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? மார்பைப் பற்றி வாய்திறந்து பேசும் வழக்கமும் நம் பெண்களுக்கு இல்லை.

நம் பிள்ளைகள் தொலைவில் இருப்பது தற்செயல் அல்ல. சொந்த நிலம் இல்லை. ஊரில் கூலி வேலையை விட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறோம். “படிச்சு வெளிய போ” என்று அனுப்பி வைத்ததும் அதே அம்மாதான். அவர் படுக்கையில் விழும்போது பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்வு நம்மைத் தின்கிறது. அதைப் பணம் அனுப்பித் தீர்க்கப் பார்க்கிறோம். பணம் வேண்டும்தான். ஆனால் பணம் மட்டும் துணையாகிவிடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பேருந்துச் செலவையும், கூடவே போகிறவர் இழக்கும் கூலியையும் அது தராது. எங்கள் வீட்டில் அந்தக் கூலியை இழந்தது தங்கை. தொலைவில் இருக்கும் பிள்ளை முதலில் ஈடுகட்ட வேண்டியது அதைத்தான். மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் போனில் நீங்களும் பேச அனுமதி கேளுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். கீமோதெரபி நடக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எலும்புக்குப் பரவியவருக்கு முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

ஒருநாள் மருத்துவமனையில் தங்கையிடம், “இனி செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்கள். அது உண்மையல்ல. பரவிய நோயை முழுதாகக் குணப்படுத்துவது அரிது. வலியைக் குறைக்க முடியும். கடும் வலிக்கு மார்பின் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து அது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் கொண்டுவந்த திருத்தம், இத்தகைய மருந்துகள் நோயாளிகளுக்குக் கிடைப்பதை எளிதாக்கியது. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்ச வேண்டாம். மலச்சிக்கல் வரும்; அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நான் கோவையிலிருந்தே எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். நாலைந்து முறை பேச வேண்டியிருந்தது. பிறகு செவிலியர் வந்தார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். போகும்போது எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அன்று இரவு போனில் அம்மா வலியைப் பற்றிப் பேசவேயில்லை. “நம்ம வூட்ல தண்ணி குடிச்சிச்சு அந்தப் பொண்ணு” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அறுபது வயது வரை ஊர்த்தெருவில் கைநீட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அவர். வலி தணிவதும் மனுசியாக மதிக்கப்படுவதும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை.

ஆகவே கேட்போம். வலிக்கு மருந்து என்பது யாரும் போடும் பிச்சையல்ல, உரிமை. வீடு தேடி வரும் மருத்துவம் ஊர்த்தெருவோடு திரும்பிவிடாமல் காலனியின் கடைசி வீடு வரை வருகிறதா என்று கிராம சபையில் கேட்போம். ஊரில் இருக்கும் மாணவர்கள் இதைச் செய்யலாம்: உங்கள் தெருவில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போய் சுகாதார நிலையத்தில் கொடுங்கள். வெளியூரில் தவிக்கும் ஏதோ ஒரு பிள்ளைக்கு நீங்கள்தான் கை.

அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மூன்று மாதங்கள் ஓரளவு தூங்கினார். அந்தத் தூக்கம் இன்னும் ஓராண்டு முன்பே கிடைத்திருக்க வேண்டியது. நான்தான் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று இரவு வீட்டுக்குப் போன் செய்யும்போது “எப்படி இருக்க?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். “எங்கம்மா வலிக்குது? ராத்திரி தூங்குனியா?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.